கே-ராஸ் மாற்றம் இருந்தால் ஆயுள் குறைவுதானா? குடல் புற்று ஜீன் ரிப்போர்ட்டைப் படிப்பது பற்றி

தென்கரை | 3 அக்டோபர் 2025, மாலை 6.12

பெருங்குடல் புற்று, நான்காம் நிலை, இடப்பக்கக் குடல், பரவல் கல்லீரலில் மட்டும். ஜீன் ரிப்போர்ட்டில் "கே-ராஸ் ஜி12டி பாசிட்டிவ்" என்று ஒரு வரி. கே-ராஸ் என்பது செல்லின் வளர்ச்சியை முடுக்கும் ஒரு ஜீனாம், ஜி12டி அதில் வந்த மாற்றத்தின் பெயராம். தேடினால் ஓரிடத்தில் 14 மாதம், இன்னோரிடத்தில் 30 மாதம் என்கிறார்கள். கே-ராஸ் மாற்றம் இருந்தாலே ஆயுள் குறைவு என்பது சரியா?

நுண்ணாடி | 3 அக்டோபர், இரவு 9.40

அப்படிச் சொல்ல முடியாது. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாற்றம் நோயை வேகப்படுத்துகிறதா என்பது ஒன்று. ஒரு மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கிறதா என்பது வேறொன்று. கே-ராஸ் விஷயத்தில் அசைக்க முடியாத சான்று இரண்டாவதுக்குத்தான்.

2008-இல் வெளியான கனடா, ஆஸ்திரேலியா ஆய்வைப் பாருங்கள். மற்ற கீமோ எல்லாம் கைவிட்ட பிறகு ஒரு பகுதியினருக்குச் செடுக்ஸிமாப் என்ற குறிவைத்த மருந்து, மற்றவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சை மட்டும். கே-ராஸ் மாறாதவர்களில் மருந்து பெற்றவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு 9.5 மாதம், பெறாதவர்களுக்கு 4.8. மாறியவர்களில் பெற்றவர்களுக்கு 4.5, பெறாதவர்களுக்கு 4.6. மருந்தே இல்லாத இரு எண்களையும் பக்கத்தில் வையுங்கள்: 4.8, 4.6. அங்கே மாற்றத்தால் ஆயுள் குறையவில்லை. அந்த மருந்தின் பலன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணம் எளிது. செடுக்ஸிமாப், பானிட்டுமுமாப் இரண்டும் செல்லின் மேல்பரப்பில் உள்ள, வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பியை மூடுகின்றன. ராஸ் (கே-ராஸ், என்-ராஸ் இரண்டும் இந்தக் குடும்பம்) அதற்குக் கீழே இருக்கும் சுவிட்ச். 12-ஆம் கோடானில் (ஜீனின் மூன்றெழுத்துச் சொல்) மாற்றம் வந்தால் சுவிட்ச் "ஆன்" நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு மேலே எதை மூடினாலும் கீழே ஓட்டம் நிற்காது.

நுண்ணாடி | 3 அக்டோபர், இரவு 10.05

14-உம் 30-உம் எங்கிருந்து வந்தன என்பதை விட்டுவிட்டேன். 14.4 மாதம் 2011-இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து ஆய்வின் எண். 30 மாதத்தை ஒட்டிய எண்கள் பிந்தைய ஆய்வுகளிலிருந்து. இடையில் மருந்து வரிசை நீண்டது, கல்லீரல் அறுவை அதிகமானது. ஒரே ஆய்வின் இரு பகுதிகளை ஒப்பிடலாம். வெவ்வேறு ஆண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிட்டால் மரபணுவை அல்ல, காலத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். இடைநிலை என்பது பாதிப் பேர் தாண்டிய புள்ளி என்பதும் நினைவில் இருக்கட்டும். யாருக்கும் குறித்துவைத்த நாள் அல்ல.

கீழவாசல் | 4 அக்டோபர், காலை 7.30

ஒரே ஆய்வுக்குள் ஒப்பிடச் சொன்னீர்கள். நீங்கள் காட்டிய அந்த 2011 ஆய்வுக்குள்ளேயே மாற்றம் எதுவும் இல்லாதவர்களுக்கு 20.1, கே-ராஸ் மாறியவர்களுக்கு 14.4, பி-ராஃப் (ராஸுக்கு அடுத்த கண்ணியான ஜீன்) மாறியவர்களுக்கு 8.8. ஆறு மாத வித்தியாசம். இதை மருந்துத் தடை என்று மட்டும் எப்படித் தள்ளுவது?

நுண்ணாடி | 4 அக்டோபர், மதியம் 1.20

நியாயமான கேள்வி. நேற்று எழுதியது நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். அதைப் பொதுவாக நீட்டியது என் தவறு, திருத்திக்கொள்கிறேன்.

முதல் வரிசைச் சிகிச்சையில் இன்னொரு அளவுகோல் உண்டு. ஃபோல்ஃபாக்ஸ் என்ற கூட்டுக் கீமோவை மட்டும், அதே கீமோவோடு பானிட்டுமுமாப் என்று பிரித்துப் பார்த்த ஆய்வின் விரிவான ராஸ் அலசல் 2013-இல் வந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களில் ராஸ் மாறாதவர்களுக்கு 20.2 மாதம், மாறியவர்களுக்கு 19.2. ஒரு மாதம்தான் வித்தியாசம். கல்லீரல் அறுவை செய்த நோயாளிகளின் தொகுப்புகளில் ராஸ் மாறியவர்களுக்கு மறுவரவு சீக்கிரம் வருவதும், நுரையீரலில் வருவதும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ராஸ் மாற்றம் தன்னளவில் ஓரளவு பாதகம்தான். ஆனால் பி-ராஃப் போன்ற பெரிய சரிவு இல்லை.

அதே 2013 அலசலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ராஸ் மாறியவர்களுக்குப் பானிட்டுமுமாப் சேர்த்துக் கொடுத்தபோது 19.2 மாதம் 15.6-ஆகக் குறைந்தது. அதாவது தவறான ஆளுக்குக் கொடுத்தால் செலவும் தோல் வெடிப்பும் மட்டுமல்ல, ஆயுளே குறையலாம். எக்ஸான் 2 (ஜீனின் ஒரு பகுதி) மட்டும் பார்த்து "மாற்றம் இல்லை" என்று சொல்லப்பட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கு வேறிடத்தில் ராஸ் மாற்றம் இருந்தது. அதனால் ரிப்போர்ட்டில் கே-ராஸ், என்-ராஸ் இரண்டிலும் எக்ஸான் 2, 3, 4 பார்க்கப்பட்டிருக்க வேண்டும். கோடான் 12, 13, 59, 61, 117, 146 என்று எழுதியிருக்கும். "கே-ராஸ் 12, 13 நெகட்டிவ்" என்ற ஒற்றை வரியை வைத்துச் செடுக்ஸிமாப் தொடங்கக் கூடாது.

மெழுகுக்கட்டி | 5 அக்டோபர், இரவு 8.15

ஆய்வகப் பக்கத்திலிருந்து. "பாசிட்டிவ்", "நெகட்டிவ்" இரண்டையும் நம்புவதற்கு முன் ரிப்போர்ட்டில் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு வரியைத் தேடுங்கள்: கட்டிச் செல் சதவீதம்.

கட்டிச் செல்களில் இரண்டு பிரதி ஜீனில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், 30 சதவீதம் கட்டி உள்ள திசுவில் மாறிய பிரதி 15 சதவீதம்தான் இருக்கும். பழைய சாங்கர் என்ற டிஎன்ஏ வாசிப்பு முறையின் கண்ணுக்கு 15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆகவே 20 சதவீதம் கட்டி உள்ள பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) சாங்கர் செய்து "நெகட்டிவ்" என்றால் அது விடையே அல்ல. என்ஜிஎஸ் என்ற புதிய வாசிப்பு முறை சுமார் 5 சதவீதம் வரை நம்பகமாகக் காட்டும்.

மியூசினஸ் வகைக் கட்டிகளில் இந்தச் சிக்கல் அதிகம். வெட்டுத்துண்டு முழுக்க வழவழப்புத்தான், நடுவே அங்கங்கே நாலைந்து செல்கள் மிதக்கும். பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடில் செல் அடர்ந்த இடத்தைக் குறித்துக் கொடுக்க, அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மலக்குடலில் கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்த அறுவை மாதிரியிலும் இதே கதை. அங்கே சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்சி பிளாக்தான் மேல்.

ஃபார்மலின் விஷயம்: 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம். பெருங்குடல் துண்டைத் திறந்து விரித்துப் பொருத்தாமல் அப்படியே டப்பாவில் போட்டால் உள்ளே ஊறுவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். நீண்ட விடுமுறையில் நாள்கணக்கில் ஊறினால் டிஎன்ஏ துண்டுதுண்டாகும். எலும்புப் பரவலில் எடுத்த மாதிரியை அமிலத்தில் போட்டு மென்மையாக்கினால் ஜீன் சோதனைக்கு அது உதவாது. கல்லீரல் மாதிரி இருந்தால் அதை அனுப்புங்கள்.

மெழுகுக்கட்டி | 5 அக்டோபர், இரவு 8.50

சேர்க்க மறந்தது, ஜி12டி என்பதால் முக்கியம். பழைய பிளாக்குகளில் சைட்டோசின் எழுத்து தானாகச் சிதைந்து தைமின் போலப் படிக்கப்படும். எதிர் இழையில் அது குவானின் இடத்தில் அடினைன் என்று தெரியும். ஜி12டி என்பதே 35-ஆம் இடத்துக் குவானின் அடினைனாக மாறுவதுதான். ஜி13டி 38-ஆம் இடத்தில் அதே மாற்றம். எனவே பல ஆண்டு பழைய பிளாக்கில் 2, 3 சதவீத அளவில் ஜி12டி வந்தால் உடனே நம்ப வேண்டாம். சிதைவை நீக்கும் யுடிஜி நொதி சேர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். 20, 25 சதவீத அளவில் வந்திருந்தால் இந்தச் சந்தேகம் தேவையில்லை.

கீழவாசல் | 5 அக்டோபர், இரவு 9.30

ஜி13டி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் செடுக்ஸிமாப் வேலை செய்யும் என்று சொல்வார்களே?

நுண்ணாடி | 6 அக்டோபர், காலை 6.45

2010-இல் பழைய ஆய்வுகளின் தரவைத் திரும்பப் பார்த்தபோது அப்படித் தோன்றியது. ஜி13டி நோயாளிகளை மட்டும் சேர்த்து நேரடியாகச் சோதித்த ஐஸ்கிரீம் என்ற சிறிய ஆய்வு 2016-இல் வந்தது. செடுக்ஸிமாப் தனியாகக் கொடுத்ததில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. அந்த வழி மூடியாயிற்று.

நுண்ணாடி | 8 அக்டோபர், இரவு 10.30

பி-ராஃப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்த இழையின் தலைப்புக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வரும் மாற்றம் அதுதான். பரவிய நோயில் 100 பேரில் 8 முதல் 10 பேருக்கு வி600ஈ என்ற பி-ராஃப் மாற்றம் இருக்கும். பெரும்பாலும் வலப்பக்கக் குடல், வயிற்று உறையில் பரவல். முதல் கீமோ தோற்றதும் நோய் வேகமெடுக்கும், இரண்டாவது சிகிச்சைக்கு உடல் தாங்குவதற்குள் பலர் நழுவிவிடுவார்கள். இதனால்தான் இந்தச் சோதனையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

மெலனோமா தோல் புற்றில் இதே வி600ஈ மாற்றத்துக்கு வெமுராஃபெனிப் மாத்திரை கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. குடல் புற்றில் அதே மாத்திரையைத் தனியாகக் கொடுத்தபோது சுமார் 5 சதவீதம் பேருக்கு மட்டும். ஏன் என்பதற்கு 2012-இல் விடை கிடைத்தது. பி-ராஃபை அடைத்தவுடன் குடல் செல் ஈஜிஎஃப்ஆர் வழியாகச் சுற்றுப்பாதை திறந்துகொள்கிறது. மெலனோமா செல்லில் ஈஜிஎஃப்ஆர் குறைவு, அதனால் அங்கே அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும்: என்கோராஃபெனிப் 300 மில்லிகிராம் தினமும், கூடவே செடுக்ஸிமாப்.

முன்பு கீமோ பெற்றவர்களில் இந்த இணை 2019-இல் 5.4 மாதத்தை 8.4-ஆக்கியது. சிறிய ஏற்றம்தான். முதல் வரிசையிலேயே ஃபோல்ஃபாக்ஸோடு சேர்த்துக் கொடுத்த பிரேக்வாட்டர் ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது: வழக்கமான சிகிச்சையில் 15.1 மாதம், இந்தச் சேர்க்கையில் 30.3 மாதம். ஒரே மரபணு மாற்றம், ஒரே நோய். "பி-ராஃப் என்றால் ஓராண்டு" என்று எழுதி வைத்த பழைய பக்கங்களை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மெழுகுக்கட்டி | 9 அக்டோபர், காலை 8.00

எழுத்தைச் சரியாகப் படியுங்கள். வி600 அல்லாத பி-ராஃப் மாற்றங்கள் சுமார் 2 சதவீதம் பேருக்கு உண்டு. 2017-இல் வந்த தொகுப்பில் அவர்களின் இடைநிலை 60.7 மாதம், வி600ஈ உள்ளவர்களுக்கு 11.4. "பி-ராஃப் பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். மாற்றத்தின் முழுப் பெயர் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய தாள்களில் வி599ஈ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், எண் வரிசை திருத்தப்படுவதற்கு முன் வி600ஈ-க்கு அதுதான் பெயர்.

தென்கரை | 11 அக்டோபர், மாலை 5.40

ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். கட்டி 40 சதவீதம், ஜி12டி 22 சதவீதம், என்ஜிஎஸ். என்-ராஸ், பி-ராஃப் மாற்றம் இல்லை. கடைசியில் "எம்எஸ்எஸ்" என்று இருக்கிறது. அது நல்லதா?

நுண்ணாடி | 11 அக்டோபர், இரவு 9.10

40 சதவீதம் கட்டிக்கு 22 சதவீதம் சரியாகப் பொருந்துகிறது. அந்த ஜி12டி உண்மையானது.

எம்எஸ்எஸ் என்றால் டிஎன்ஏ பிழைதிருத்தும் அமைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். அது பழுதானால் எம்எஸ்ஐ-ஹை. எல்லா நிலைகளும் சேர்த்துப் பார்த்தால் குடல் புற்றில் சுமார் 15 சதவீதம் அந்த வகை, நான்காம் நிலையில் 4, 5 சதவீதம்தான். இந்தக் குறைவே ஒரு செய்தி: அந்த வகைக் கட்டிகள் பரவுவது குறைவு. இரண்டாம் நிலையில் எம்எஸ்ஐ-ஹை இருந்தால் மறுவரவு குறைவு, தனி 5-எஃப்யூ கீமோவால் பயனும் இல்லை. பரவிய பிறகோ அதே எம்எஸ்ஐ வழக்கமான கீமோவில் சாதகமாக இருக்கவில்லை. இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) வந்து அதைப் புரட்டிப் போட்டது. அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாபையும் கீமோவையும் ஒப்பிட்ட ஆய்வில் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது 77.5 மாதம், 36.7 மாதம். ஆனால் பெம்ப்ரோ பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு முதலிலிருந்தே நோய் வளர்ந்தது. கீமோவில் அது 12 சதவீதம். சராசரியில் வெற்றி என்பதால் முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

எம்எஸ்எஸ் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளைத் தனியாகக் கொடுத்துப் பலன் காண்பது மிக அரிது. போலே ஜீனில் குறிப்பிட்ட மாற்றம் உள்ள சிலர் விதிவிலக்கு. உங்கள் கேள்விக்கு இம்யூனோதெரபி இப்போது விடை இல்லை.

மெழுகுக்கட்டி | 12 அக்டோபர், காலை 7.50

ஐஎச்சி (திசுவில் புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) பற்றி. பிழைதிருத்தும் நான்கு புரதம்: எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6. முதல் இரண்டும் ஜோடி, அடுத்த இரண்டும் ஜோடி. எம்எல்ஹெச்1 போனால் பிஎம்எஸ்2-உம் போகும். கட்டியில் நிறம் இல்லை என்று சொல்வதற்கு முன் பக்கத்தில் உள்ள லிம்போசைட், இணைப்புத்திசுச் செல்களின் கருவில் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேயும் நிறம் இல்லையென்றால் சாயம் தோற்றது, கட்டி அல்ல. இந்தத் தவறில் எம்எஸ்ஐ என்று முத்திரை விழுந்து இம்யூனோதெரபிக்குப் போனவர்கள் பயனின்றி மாதங்களை இழக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பிசிஆரில் ஐந்து குறிப்பான் சோதனை, இரண்டு அல்லது கூடுதல் நிலையற்றிருந்தால்தான் எம்எஸ்ஐ-ஹை.

எம்எல்ஹெச்1 போயிருந்தால் அடுத்தது பி-ராஃப் வி600ஈ. அது இருந்தால் பரம்பரை லிஞ்ச் நோய்க்குறி அநேகமாக இல்லை. இல்லையென்றால் புரோமோட்டர் மெத்திலேஷன் (ஜீனை அணைக்கும் வேதிக் குறி) பார்த்து, அதுவும் இல்லாவிட்டால் இரத்தத்தில் பரம்பரைச் சோதனை. எம்எஸ்ஹெச்2 போயிருந்தால் நேராகப் பரம்பரைச் சோதனை. உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் எப்போது கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்பது இதில் இருக்கிறது.

கீழவாசல் | 15 அக்டோபர், மதியம் 12.25

பிக்3சிஏ என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் ஆஸ்பிரின் போதும் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. எவ்வளவு உண்மை?

நுண்ணாடி | 15 அக்டோபர், இரவு 8.40

"போதும்" என்பது பொய், மற்றதில் உண்மை இருக்கிறது. நார்டிக் நாடுகளில் நடந்த அலாஸ்கா ஆய்வு கடந்த செப்டம்பரில் வெளியானது. அறுவை முடிந்த பெருங்குடல் இரண்டு, மூன்றாம் நிலை, மலக்குடல் ஒன்று முதல் மூன்றாம் நிலை நோயாளிகளில் பிக்3சிஏ வழித்தட மாற்றம் உள்ளவர்களுக்குத் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்று ஆண்டு. பிக்3சிஏ எக்ஸான் 9, 20 மாற்றம் உள்ள பிரிவில் மூன்றாண்டு மறுவரவு 14.1 சதவீதத்திலிருந்து 7.7-ஆகக் குறைந்தது. இது அறுவையோடும் தேவைப்பட்ட கீமோவோடும் சேர்த்து. கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்களுக்கு மட்டும். நான்காம் நிலைக்கு இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. வயிற்றுப்புண் வரலாறு, இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கினால் இரத்தக்கசிவில் முடியும்.

நுண்ணாடி | 19 அக்டோபர், காலை 9.00

எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். இரண்டு விட்டுப்போயின.

பக்கம். ராஸ் மாறாதவர்களிலும் ஈஜிஎஃப்ஆர் மருந்தின் பலன் இடப்பக்கக் கட்டிகளில்தான் தெளிவு. ஜப்பானின் பாரடைம் ஆய்வில் இடப்பக்கத்தில் பானிட்டுமுமாபுக்கு 37.9 மாதம், கட்டிக்கு இரத்தநாளம் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாபுக்கு 34.3. எனவே "ராஸ் மாறவில்லை" என்பது தன்னளவில் அந்த மருந்துக்கான சீட்டு அல்ல.

காலம். மாற்றம் ஒருமுறை எழுதிய கல்வெட்டு இல்லை. ஈஜிஎஃப்ஆர் மருந்தின் அழுத்தத்தில் ராஸ் மாறிய செல்கள் தலைதூக்கும், மருந்தை நிறுத்தினால் இரத்தத்தில் அவற்றின் பங்கு சுமார் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இத்தாலியின் குரோனோஸ் ஆய்வு இதை வைத்து, இரத்தத்தில் மாற்றம் மறைந்தவர்களுக்கு மட்டும் பானிட்டுமுமாபைத் திரும்பக் கொடுத்தது. 27 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது.

மெழுகுக்கட்டி | 19 அக்டோபர், காலை 11.15

இரத்தச் சோதனைக்கு ஒரு சொல். சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். கூரியரில் போவதானால் செல்லை உடையாமல் காக்கும் தனிக் குழாய் வேண்டும், 10 மில்லி வீதம் இரண்டு. தாமதமானால் வெள்ளணு உடைந்து இயல்பான டிஎன்ஏ கொட்டி, கட்டியின் டிஎன்ஏ அதில் கரைந்துபோகும். வயிற்று உறையில் மட்டும், நுரையீரலில் மட்டும் பரவல் உள்ளவர்களுக்குக் கட்டி டிஎன்ஏ இரத்தத்தில் குறைவாகவே கசியும். அங்கே "நெகட்டிவ்" வந்தால் திசுவைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

தென்கரை | 2 நவம்பர், மாலை 7.20

கே-ராஸுக்கே மாத்திரை வந்துவிட்டது என்கிறார்கள். ஜி12டி-க்கும் உண்டா? சிகிச்சை அடுத்த வாரம் தொடங்குகிறது.

நுண்ணாடி | 2 நவம்பர், இரவு 9.55

வந்தது ஜி12சி-க்கு. சோட்டோராசிப் உடன் பானிட்டுமுமாப், அடக்ராசிப் உடன் செடுக்ஸிமாப். அந்த மாற்றம் குடல் புற்றில் 3, 4 சதவீதம் பேருக்குத்தான். ஜி12டி-க்கான மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில். ஒரே எழுத்துதான் வேறு, ஆனால் ஜி12சி மருந்து அங்கே வரும் சிஸ்டீனில் பற்றிக்கொண்டு வேலை செய்வது. ஜி12டி-யில் பற்றுவதற்குச் சிஸ்டீன் இல்லை. அந்த மாத்திரையை யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

உங்கள் நிலைக்கு நேராகப் பொருந்துவது நெதர்லாந்து, பெல்ஜியம் சேர்ந்த கைரோ5 ஆய்வு. கல்லீரலில் மட்டும் பரவல், முதலில் அறுவை செய்ய முடியாத நிலை, ராஸ் அல்லது பி-ராஃப் மாறியவர்கள், அல்லது வலப்பக்கக் கட்டி. பெவாசிசுமாபோடு இரண்டு கீமோ மருந்து பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்குக் கட்டியை முழுதாக அகற்ற முடிந்தது, மூன்று மருந்து பெற்றவர்களில் 51 சதவீதம். விலை: வெள்ளணுக் குறைவும் வயிற்றுப்போக்கும் மிக அதிகம். வயது, உடல் தெம்பு பார்த்து டாக்டர் முடிவு செய்வார். கல்லீரல் அறுவை செய்யும் சர்ஜன் சிகிச்சை தொடங்கும் முன்பே ஸ்கேனைப் பார்த்திருக்க வேண்டும், அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அறுவை முடிவானால் பெவாசிசுமாபின் கடைசி டோஸுக்குப் பின் 5, 6 வார இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தையல் ஆறாது.

மெழுகுக்கட்டி | 2 நவம்பர், இரவு 10.20

தொடங்கும் முன் டிபிவைடி சோதனை கேளுங்கள். இது கட்டியின் ஜீன் அல்ல, உடம்பின் ஜீன். இரத்தம் போதும். கீமோவில் உள்ள 5-எஃப்யூவை உடைக்கும் நொதி குறைவாக இருந்தால் முதல் சுற்றிலேயே உயிருக்கு ஆபத்து. ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. ஒரு பிரதி பழுதென்றால் பொதுவாகப் பாதி அளவில் தொடங்குவார்கள். மூன்று மருந்தில் இரினோடெக்கானும் இருப்பதால் அதை வெளியேற்றும் நொதியின் ஜீனான யுஜிடி1ஏ1-உம் சேர்த்துக் கேட்கலாம்.

இன்னொன்று: மிச்ச பிளாக்கை ஆய்வகத்திலிருந்து திரும்ப வாங்கி, எண்ணைக் குறித்து வையுங்கள். ஜி12டி மருந்து ஆய்வில் சேர நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

தென்கரை | 4 நவம்பர், காலை 10.05

டிபிவைடி இரத்தம் கொடுத்தாயிற்று, ரிசல்ட் வந்த பிறகே முதல் சுற்று என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். கல்லீரல் சர்ஜன் வியாழக்கிழமை பார்க்கிறார். இரண்டு பிளாக் திரும்ப வந்தன, எண்களை ஃபைலில் எழுதியிருக்கிறேன்.